பொருந்தாத வரிகள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. இரவு பத்தரை மணி இருக்கும். சித்தியின் மகன் தொலைபேசி எடுத்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான். எப்போதும் குறுஞ்செய்தி மட்டும் அனுப்புகிறவன். அவன் குரல் கேட்கிறதென்றால் ஏதோ அவசரம்.

"அண்ணா, என்ர புரோகிராம் பாதியில விழுந்துபோகுது. ஞாயிறு இரவுக்குள்ள குடுக்கவேணும்."

அவனுக்குக் கொடுத்திருந்த வேலை இதுதான். அப்பாச்சி வெப் சேர்வர் எழுதிய ஒரு லொக் கோப்பு. எங்கிருந்து வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், என்ன பதில் போனது, எத்தனை பைட் போனது என்று ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி. பைதனில் ரெஜெக்ஸ் எழுதி, வரியிலிருந்து இவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, சராசரி பார்த்து, ஒரு வரைபடம் போட வேண்டும்.

ரெஜெக்ஸ் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. "நான்கு இலக்கம், பிறகு ஒரு சிறுகோடு, பிறகு இரண்டு இலக்கம்" என்று ஓர் அச்சைச் செய்து கொடுத்தால், அந்த அச்சுக்குப் பொருந்துகிற இடத்தைக் கணினி தேடி எடுத்துத் தரும். அந்த அச்சைச் சொல்லும் குறிப்பு மொழிதான் ரெஜெக்ஸ். பைதனில் 'சர்ச்' என்று கேட்டால், பொருந்தும்போது ஒரு 'மட்ச்' வரும். பொருந்தாவிட்டால் 'நன்' வரும். நன் என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததிடம் போய் "உன்னுடைய முதலாவது குரூப்பைத் தா" என்று கேட்டால், அப்படி ஒன்று இங்கே கிடையாது என்று சொல்லிவிட்டு புரோகிராம் நின்றுவிடும். லொக் கோப்போடு வேலை செய்கிற எல்லோரும் ஒருநாள் இந்தப் பிழையைப் பார்ப்பார்கள். அவனுக்கு அது 312 ஆவது வரியில் வந்தது.

"பிழை விளங்குது அண்ணா. ஒரு 'இஃப்' போட்டு, பொருந்தாட்டி அந்த வரியை விட்டிட்டுப் போனா ஓடும்தானே?"

ஓடும். நன்றாகவே ஓடும். பத்து வருடத்துக்கு முதல் நானும் அதே ஒரு வரியை எழுதினேன். அதனால் ஒரு கிழவருடைய கண் பரிசோதனை தவறிப்போனது. அந்தக் கதையை அன்று இரவு அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்போது நான் மாஸ்டர்ஸ் முடித்து இரண்டு வருடம். கன்சல்டன்ட் என்று அட்டை அடித்து வைத்திருந்தேன். ரொறொன்ரோவில் ஒரு மருத்துவ நிலையம் சின்ன வேலை ஒன்று தந்தது. அவர்களிடம் ஒரு மென்பொருள் இருந்தது. சந்திப்புக்கு இரண்டு நாளுக்கு முதல் நோயாளிக்கு ஒரு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பும். ஒவ்வொரு செய்திக்கும் லொக் கோப்பில் ஒரு வரி எழுதும்: நேரம், சந்திப்பு இலக்கம், பெயர், தொலைபேசி இலக்கம், போய்ச் சேர்ந்ததா இல்லையா. என் வேலை, காலையில் அந்தக் கோப்பை வாசித்து, செய்தி போய்ச் சேராதவர்களின் பட்டியலை வரவேற்பு மேசைக்குக் கொடுப்பது. மேசையில் இருப்பவர் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவரையும் வாயால் அழைத்துச் சொல்லுவார்.

முதல் நாளே என் புரோகிராம் விழுந்தது. ஏதோ ஒரு வரி பொருந்தவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. "மட்ச் இருந்தால் எடு, இல்லாவிட்டால் அடுத்த வரிக்குப் போ" என்று எழுதினேன். ஓடியது. பட்டியல் வந்தது. சின்னப் பட்டியல்தான். மிகக் குறைவான செய்திகள்தான் தவறுகின்றன என்று எல்லோருக்கும் சந்தோஷம். நான் பில் அனுப்பினேன், அவர்கள் காசு தந்தார்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு வரவேற்பு மேசையில் இருந்த அம்மா என்னை அழைத்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கணினியை நம்பாமல் ஒரு கொப்பியில் தானாகக் கணக்கு எழுதுகிற பழக்கம் அவருக்கு. சந்திப்புக்கு வராதவர்களை அந்தக் கொப்பியில் குறித்து வைத்திருந்தார். அவர்களில் பலர் தங்களுக்கு நினைவூட்டல் ஒன்றும் வரவில்லை என்று சொன்னார்களாம். "அவர்களில் ஒருவருடைய பெயர்கூட உன் பட்டியலில் வந்ததில்லை. ஏன்?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எண்ணினேன். அந்த மூன்று கிழமைக் கோப்பில் 1,240 வரிகள். என் புரோகிராம் வாசித்தவை 1,163. மீதி 77 வரிகள் எங்கேயும் இல்லை. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. அந்த ஒரு 'இஃப்' அவற்றை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல இருந்தது.

77 வரிகளையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கொஞ்ச வரிகளில் கைத்தொலைபேசி இலக்கம் இல்லை. இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் மென்பொருள் வேறு ஒரு சொல்லை எழுதியிருந்தது. என் அச்சு 10 இலக்கங்களைத் தேடியது. ஆகவே பொருந்தவில்லை. இதைக் கவனியுங்கள்: குறுஞ்செய்தி போய்ச் சேர முடியாதவர்களின் வரிதான் வேறு மாதிரி இருந்தது. நான் தேடியவர்களே அவர்கள்தான். எல்லாம் ஒழுங்காக நடந்த வரிகளைப் பார்த்துத்தான் நான் அச்சைச் செய்திருந்தேன். ஆகவே ஒழுங்காக நடந்த வரிகள் மட்டுமே அதில் பொருந்தின. லொக் கோப்பில் பிழை நடந்த வரியின் உருவம் அநேகமாக மாறித்தான் இருக்கும். பொருந்தாததை எறிந்தால், பெரும்பாலும் பிழையைத்தான் எறிகிறோம்.

மற்ற வரிகளில் பெயர்தான் பிரச்சினை. குடும்பப் பெயர், கமா, முதற்பெயர் என்று நான் எழுதியிருந்தேன். எழுத்து என்று நான் சொன்னது ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மட்டும். பிரெஞ்சுப் பெயரில் மேலே கோடு போட்ட 'ஈ' வந்தால் பொருந்தாது. ஐரிஷ் பெயரின் மேற்கோள் குறி வந்தால் பொருந்தாது. இரண்டு குடும்பப் பெயரைச் சிறுகோட்டால் சேர்த்திருந்தால் பொருந்தாது. பெயரே ஒன்றுதான் என்றால் பொருந்தவே பொருந்தாது.

அந்தக் கடைசி வகையில் ஒருவர்தான் நான் சொன்ன கிழவர். தமிழ்நாட்டில் இருந்து மகனிடம் வந்தவர். கடவுச்சீட்டில் ஒரே பெயர். வீட்டுத் தொலைபேசி மட்டும் இருந்தபடியால் குறுஞ்செய்தி போகவில்லை. போகவில்லை என்று மென்பொருள் சரியாக எழுதியும் இருந்தது. ஆனால் பெயரில் கமா இல்லாதபடியால் அந்த வரியை என் புரோகிராம் எடுக்கவில்லை. ஒருவரும் அவரை அழைக்கவில்லை. நீரிழிவுக்காரருக்கு வருடம் ஒருமுறை செய்ய வேண்டிய கண் பரிசோதனை அது. விழித்திரையில் வருகிற பாதிப்பு ஆரம்பத்தில் நோயாளிக்குத் தெரியாது, பார்வை மங்கும்வரை வலியும் இருக்காது. அதனால்தான் அந்தப் பரிசோதனை. அவருக்கு அடுத்த திகதி கிடைக்க நான்கு மாதம் ஆனது. பிறகு அவருடைய கண் எப்படி இருந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, அது அவருடைய தனிப்பட்ட விஷயம். ஆனால் இன்றைக்கும் அது என் மனதை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு மேசையில் கிடந்த தாள்களை அம்மா பார்த்தார். நான் பெயர் விஷயத்தை மட்டும் விளங்கப்படுத்தினேன்.

"இது எனக்கும் நடந்தது தம்பி," என்றார். "இங்க வந்த புதுசில ஆஸ்பத்திரியில இருந்தனான். யாரோ ஒரு பேரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டவை. நான் எழும்பேல்ல. அவை கூப்பிட்டது என்ர அப்பான்ர பேரை. போர்மில குடும்பப் பேர் எண்ட இடத்தில அப்பான்ர பேரைத்தானே எழுதினது. செத்துப்போன மனுசனை ஏன் இவை இங்க தேடீனம் எண்டு நான் இருந்திட்டன். என்ர முறை போட்டுது."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும், கேட்டுப் பாருங்கள். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியவர்கள், எழுத்துகள் கூடிப்போய்ப் பெட்டிக்குள் அடங்காமல் பெயர் அரைவாசியில் வெட்டுப்பட்டவர்கள் எங்களில் எத்தனை பேர். ஒரே பெயர் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யு' என்று மூன்று எழுத்து விழும். முதற்பெயர் தெரியாது என்று அர்த்தம். பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். படிவத்துக்குத்தான் தெரியாது. நான் அந்தப் படிவத்தின் பக்கம் நின்று என் சொந்தச் சனத்தையே விட்டுவிட்டேன் என்பதுதான் எனக்கு அன்றைக்கு உறைத்தது.

இனி, அதற்குப் பிறகு நான் கைக்கொண்ட சில பழக்கங்கள்.

முதலாவது, பொருந்தாத வரியை எறிவதில்லை. அதை வேறு ஒரு கோப்பில் வரி இலக்கத்தோடு, ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே எழுதி வைக்கிறேன். லொக்ஸ்டாஷ் என்ற கருவி இதைத் தானாகவே செய்கிறது. அதன் 'குரொக்' அச்சில் வரி பொருந்தாவிட்டால், வரியை வைத்துக்கொண்டு 'குரொக் பார்ஸ் தோல்வி' என்ற அர்த்தத்தில் ஓர் அடையாளத்தை ஒட்டிவிடும். பாண்டாஸில் 'எக்ஸ்ட்ராக்ட்' பயன்படுத்தினாலும் வரியின் இடம் அப்படியே இருக்கும், எடுக்க முடியாத பெட்டி வெறுமையாகக் குறிக்கப்படும். இடத்தைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்.

இடத்தைக் காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும்? 'ஃபைண்ட்ஆல்' கொண்டு கோப்பு முழுவதிலும் பெயர்களை ஒரு பட்டியலாகவும், இலக்கங்களை இன்னொரு பட்டியலாகவும் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நான்காவது ஆளுக்கு இலக்கம் இல்லை. ஃபைண்ட்ஆல் அந்த இடத்தில் வெறுமை வைக்காது, சும்மா தாண்டிப் போகும். பிறகு இரண்டு பட்டியலையும் 'சிப்' செய்தால், ஐந்தாவது ஆளின் இலக்கம் நான்காவது ஆளுக்குப் போகும். அதற்குப் பிறகு எல்லோருக்கும் அடுத்தவரின் இலக்கம். சிப், குறைந்த பட்டியல் முடிந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடும். பைதன் 3.10 இல் இருந்து 'ஸ்ட்ரிக்ட்' என்று ஒன்றை அதற்குக் கொடுக்கலாம், நீளம் வித்தியாசம் என்றால் பிழை சொல்லும். ஆனால் இரண்டிலும் ஒவ்வொன்று குறைந்தால் நீளம் சரியாக வந்துவிடும், அதுவும் பிடிக்காது. ஆகவே வரி வரியாக எடுங்கள். ஒரு வரியிலிருந்து வந்தவை எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, வரி முழுவதற்கும் ஒரே பெரிய அச்சுப் போடுவதில் கவனம். ஒரு பெட்டி மாறினால் ஐந்து பெட்டியும் போகும். பெயர் பொருந்தாதபடியால் அந்தக் கிழவரின் சந்திப்பு இலக்கத்தைக்கூட நான் இழந்தேன். அது மட்டும் இருந்திருந்தால் போதும், மேசையில் இருந்தவர் ஆளைக் கண்டுபிடித்திருப்பார். வரியில் பெட்டிகளுக்குப் பெயர் எழுதியிருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனி அச்சால் எடுப்பது நல்லது.

இதற்குக் குறுக்கு வழியாகச் சிலர், இல்லாமல் போகக்கூடிய பகுதிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடுவார்கள். "இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி" என்று அர்த்தம். அது சரியான வழிதான். ஆனால் அதற்கு முன்னால் "எதுவானாலும், முடிந்தளவு குறைவாக" என்று சொல்கிற புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி மூன்றும் இருந்து, பின்னால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பொறி இருக்கிறது. ரெஜெக்ஸ் ஓர் எழுத்தும் நகராமல், "இல்லாவிட்டாலும் சரிதானே" என்று முடித்துவிடும். வரியில் இலக்கம் இருக்கும், ஆனாலும் உங்களுக்கு நன் வரும். மட்ச் மட்டும் வெற்றி என்று காட்டும். விழுந்துபோகிற புரோகிராமைவிட இது மோசம்.

மூன்றாவது, வெறுமையைப் பொய்யால் நிரப்புவதில்லை. இதற்கு என் தம்பியின் 312 ஆவது வரியே நல்ல உதாரணம். அந்த வரியை வாசிக்கச் சொன்னேன். பதில் இலக்கம் 304. அதற்குப் பக்கத்தில் பைட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறுகோடு. அவனுடைய அச்சு இலக்கத்தைத் தேடியது, சிறுகோட்டில் தடுக்கி விழுந்தது.

"அப்ப அதைச் சைபர் எண்டு எடுக்கட்டோ?" என்றான்.

304 என்றால் என்னவென்று பார் என்றேன். "உன்னிடம் இருக்கும் பிரதி இன்னும் பழசாகவில்லை, அதையே பாவி" என்று சேர்வர் சொல்கிற பதில் அது. பக்கத்தைத் திரும்ப அனுப்பாது. அனுப்பாதபடியால் அளவும் இல்லை. அதற்குத்தான் அப்பாச்சி சிறுகோடு போடுகிறது. அப்பாச்சியின் அமைப்பில் அளவைக் குறிக்க இரண்டு எழுத்து உண்டு. சின்ன 'பி' போட்டால் ஒன்றும் போகாதபோது சிறுகோடு விழும், பெரிய 'பி' போட்டால் சைபர் விழும். இதை எழுதியவர்கள் இரண்டையும் வேறு வேறாக யோசித்திருக்கிறார்கள்.

சைபர் என்று எடுத்தால் சராசரி அளவு பிழையாகக் குறையும். வரியையே விட்டால் வருகைகளின் எண்ணிக்கை குறையும். அதிலும் யார் குறைவார்கள்? பக்கத்தின் பிரதியை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குத்தான் 304 போகும். அதாவது, முன்பே வந்து திரும்பவும் வந்தவர்கள். அவர்களையெல்லாம் எறிந்துவிட்டு, இந்தத் தளத்துக்குத் திரும்ப வருகிறவர்கள் குறைவு என்று அவன் வரைபடம் போட்டிருப்பான். சராசரிக்கு அந்த வரிகளைச் சேர்க்காதே, எண்ணிக்கைக்குச் சேர் என்று சொன்னேன். ஒரே வரி, இரண்டு கேள்விக்கு இரண்டு விதமாக நடத்த வேண்டும்.

"இல்லை" என்பதில் பல வகை உண்டு. இந்த ஆளுக்கு அந்த விஷயமே கிடையாது என்பது ஒன்று. இருக்கிறது, ஆனால் எழுதப்படவில்லை என்பது இன்னொன்று. தரவுத்தளங்களுக்கு அடித்தளம் போட்ட ஈ. எஃப். கொட் இந்த இரண்டையும் பிரித்துக் குறிக்க வேண்டும் என்று வாதாடினார். லொக் வாசிக்கிறவர்களுக்கு மூன்றாவதும் உண்டு: எழுதப்பட்டிருக்கிறது, என் அச்சுக்கு வாசிக்கத் தெரியவில்லை. கிழவரின் பெயர் அந்த மூன்றாவது வகை. இவை எல்லாவற்றுக்கும் ஒரே நன்தான் வருகிறது. எது எதுவென்று நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

கடைசியாக, எண்ணுங்கள். உள்ளே வந்த வரிகள், பொருந்தியவை, பொருந்தாதவை. பின்னைய இரண்டையும் கூட்டினால் முதலாவது வர வேண்டும். அந்த மூன்று எண்ணையும் ஒவ்வொரு நாளும் அறிக்கையின் மேலேயே எழுதுங்கள். பொருந்தாதவை திடீரென்று கூடினால் புரோகிராம் சத்தம் போடட்டும்.

நாங்கள் தமிழில் எழுதுகிறவர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரெஜெக்ஸில் 'சொல்லின் எழுத்து' என்று குறிக்கப் பின்சாய்கோடும் 'டபிள்யூ'வும் போடுவோம். பைதனோடு வருகிற ரெஜெக்ஸ் நூலகம் தமிழ் உயிரையும் அகர மெய்யையும் எழுத்து என்று ஏற்கும். விசிறி, கொம்பு, கால், புள்ளி இவற்றை ஏற்காது. யூனிகோட்டில் அவை எழுத்தோடு ஒட்டுகிற குறிகள் என்று வேறாக வகைப்படுத்தப்பட்டிருப்பதுதான் காரணம். ஆகவே 'அம்மா' என்ற சொல்லைக் கொடுத்தால் 'அம', 'ம' என்று இரண்டு துண்டாக வரும். 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம', 'ழ'. பிழை ஒன்றும் காட்டாது. தமிழ்ப் பெயர்கள் வரக்கூடிய கோப்பில் வேலை செய்தால், தமிழ் யூனிகோட் பகுதி முழுவதையும் அச்சில் வெளிப்படையாகச் சேர்த்துவிடுங்கள். முதலில் உங்கள் அம்மாவின் பெயரைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். நான் இப்போது எந்தப் பெயர் அச்சையும் அப்படித்தான் சோதிக்கிறேன்.

மருத்துவ நிலையத்துக்கு நான் திரும்பப் போய், காசு வாங்காமல் புரோகிராமைத் திருத்திக் கொடுத்தேன். பெயரைப் பிரிப்பதையே விட்டேன். கமா இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பெட்டியில் இருப்பதை அப்படியே எடுத்து அப்படியே காட்டினேன். பட்டியலின் அடியில் "கணினியால் வாசிக்க முடியாதவை" என்று ஒரு பகுதி வந்தது. மேசையில் இருந்த அம்மா முதலில் அந்தப் பகுதியில் இருந்துதான் அழைக்கத் தொடங்குவார். ஆனாலும் கொப்பியை அவர் விடவில்லை. விட வேண்டாம் என்று நானும் சொன்னேன்.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத் தம்பியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. மொத்த வரி 5,000, பொருந்தியவை 4,994, பொருந்தாதவை 6. சிறுகோட்டையும் தன் அச்சில் சேர்த்து, அதைச் சைபர் ஆக்காமல் வைத்திருந்தான். கூடவே ஒரு கேள்வி.

"3 வரி அரைவாசியில வெட்டுப்பட்டிருக்கு. மற்ற 3 என்னெண்டு எனக்கு விளங்கேல்ல அண்ணா. என்ன செய்ய?"

"விளங்கேல்ல எண்டு எழுதி, அந்த வரிகளையும் அப்படியே சேர்த்துக் குடு," என்று பதில் போட்டேன்.